மூடியைத் தொடாதே!

உறைந்து கெட்டியான இனாரி ஏரியின் நட்டநடுவில், கரை எந்தப் பக்கம் என்றே தெரியாத ஓர் இடத்தில், பனிவண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

பின்சீட்டில் இருந்த உதவியாளன் தவுனோ, சீட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த இர்மெலியோ கையுறையோடு கையைத் தட்டினார்.

"முப்பத்தி நாலு நிமிஷம்! சொன்னேனா இல்லையா?"

"செத்துப்போச்சு பாஸ்."

"சாகட்டும். அதைச் சாகடிக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

"அதை மட்டும்தானே?"

எல்லைச் சுங்கத்தில் இருபத்திரண்டு வருடம் லாரி லாரியாகக் கிளறிப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியும் பலகை மாட்டிய அம்மாள் இர்மெலி. இறங்கி, வண்டியின் முன்பக்கம் இருந்த பெட்ரோல் டேங்கைக் குனிந்து பார்த்தார். மூடியையும் கைப்பிடியையும் சேர்த்து மெல்லிய கம்பி ஒன்று சுற்றியிருந்தது. அதன் நுனியில் ஈயச் சீல் தொங்கியது. கம்பி அறுபடவில்லை.

"கம்பெனி ஆள் லின்ட்ரூஸ் வர்ற வரைக்கும் இதை ஒருத்தரும் தொடக்கூடாது. புரியுதா? மூச்சுக்கூட அது மேல விடாத."

"மூச்சு விட்டா உறைஞ்சு கீழே விழுது பாஸ். அது எங்க அது மேல போகப்போகுது?"

மைனஸ் முப்பத்தாறு. பேசும்போது பல் கூசியது. பகல் ஒன்றரை மணிதான், ஆனால் சூரியன் அதற்குள்ளாகவே தீவுகளின் தலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. காலுக்கடியில் ஏரி திடீரென்று உறுமியது, நீளமாக, அடிவயிற்றிலிருந்து. தவுனோ துள்ளி வண்டிமேல் ஏறிவிட்டான். ஒன்பது வயதில் பனி உடைந்து, சித்தப்பாவின் காரோடு ஏரிக்குள் இறங்கி, ஜன்னல் வழியாக வெளியே இழுக்கப்பட்டவன் அவன். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் அவனை விடவில்லை. வாய் ஓயாமல் பேசுவதே அதை அமுக்கி வைக்கத்தான்.

"பனி கெட்டிப்படுற சத்தம்டா. நல்ல சத்தம்" என்றார் இர்மெலி.

"நல்லவங்க இப்படி உறும மாட்டாங்க பாஸ்."

*

காலையில் ரிஸ்தீனாவின் சமையலறையில்தான் இந்த வம்பு ஆரம்பித்தது.

ரிஸ்தீனாவும் அவள் புருஷன் பியெராவும் கலைமான் மந்தைக்காரர்கள். அக்டோபரில் வாங்கிய புத்தம்புது வண்டி ஏரியில் மூன்று தடவை நின்றது. முதல் இரண்டு தடவை ரிஸ்தீனா ஓட்டினாள், எப்படியோ கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள். மூன்றாவது தடவை பியெரா தனியாகப் போனான். பதினோரு மணி நேரம் பனியில் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியில் இடது கால் விரல்கள் ஐந்தையும் எடுத்துவிட்டார்கள்.

வண்டிக் கம்பெனி அனுப்பிய தாள் மேஜைமேல் கிடந்தது. 'பெட்ரோலில் தண்ணீர். எரிபொருள் பாகங்களின் கோளாறுக்குக் காரணம், வைத்திருப்பவரின் கவனக்குறைவு. வாரண்டி செல்லாது.'

"அந்த ஒரு வார்த்தை" என்றாள் ரிஸ்தீனா. "கவனக்குறைவு. அது இருக்கிற வரைக்கும் விபத்து இன்சூரன்ஸ்காரனும் கதவைச் சாத்திட்டான். இந்தக் காலை வெச்சிக்கிட்டு அவரால மந்தை பின்னால போக முடியாது. வசந்தத்துக்குள்ள மந்தையையே வித்தாகணும். அதைக்கூட விடுங்க, அவரே அதை நம்பிட்டாரு. 'என் தப்புதான்'னு ஆஸ்பத்திரிக் கட்டில்ல சுவத்தைப் பார்த்துப் படுத்தவரு இன்னும் திரும்பல."

இர்மெலி அந்த ஊர் வழக்கப்படி பாலாடைக்கட்டித் துண்டைக் காபிக்குள் போட்டுக் கிளறினார்.

"மொத ரெண்டு தடவை நின்னப்போ நீ என்ன பண்ணின?"

"இங்க எல்லாரும் பண்றதுதான். இந்தக் குளிர்ல மீட்டரை எவ நம்புவா? மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பாதி இருந்துச்சு. கேன்ல இருந்து கொஞ்சம் ஊத்தினேன். கிளம்பிருச்சு."

"புதுசு ஊத்தினதும் சரியாயிருச்சு. அதனால பழைய பெட்ரோல் மோசம்னு முடிவு பண்ணிட்ட."

"எல்லாரும் அதையேதான் சொன்னாங்க."

"டேங்க்ல இருந்தது, கேன்ல இருந்தது, ரெண்டும் ஒரே டிரம்ல பிடிச்சதுதானே?"

ரிஸ்தீனாவின் கோப்பை பாதி வழியில் நின்றது. "ஆமா."

"பியெரா மூடியைத் திறந்து பார்த்தாரா?"

"எதுக்குப் பார்க்கணும்? வாசல்ல நின்னு கழுத்து மட்டும் ரொப்பிக்கிட்டுத்தான் கிளம்பினாரு. அரை மணி நேரத்துல எங்க தீரும்?"

இர்மெலி காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். தவுனோ பயந்தது அந்த மடக்கைப் பார்த்துத்தான். பாஸ் இப்படிக் குடித்தால் யாரோ குளிரில் நிற்கப்போகிறார்கள் என்று அர்த்தம், அது பெரும்பாலும் அவன்தான்.

தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து கம்பெனி அனுப்பிய பரிசோதகர் லின்ட்ரூஸ் வாசலில் நின்றிருந்தார். ஐம்பது வயது, இஞ்சினியர், மடிப்புக் கலையாத மனிதர். அதே மாடலில் இன்னொரு வண்டியைக் கடையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கம்பெனி சீல் வைத்த கேனை எல்லோர் முன்னிலையிலும் திறந்து, அந்த வண்டியின் டேங்கை வாய்வரைக்கும் நிரப்பினார்.

"சுத்தமான பெட்ரோல் போட்டா இந்த வண்டி எப்படி ஓடும்னு நீங்களே பார்க்கப்போறீங்க" என்றார். பிறகு ரிஸ்தீனாவின் வண்டி மூடியில் கம்பியைச் சுற்றி ஈயத்தை நசுக்கினார். "நீங்க முன்னால போங்க, நான் பத்து நிமிஷம் பின்னால வர்றேன். நின்னுபோனா நான் வந்து, என் கண் முன்னாடிதான் திறக்கணும். அதுக்கு முன்னாடி கம்பி அறுந்திருந்தா சோதனை செல்லாது. நாளைக் காலைல விமானம் ஏறுறதுக்கு முன்னாடி 'நிராகரிப்பு'ன்னு கையெழுத்துப் போட்டுருவேன்."

"தாராளமா" என்றார் இர்மெலி.

*

"இப்பவாவது சொல்லுங்க பாஸ். அந்த மூடிக்குள்ள என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதான் விஷயமே." இர்மெலி பிளாஸ்கைத் திறந்து இரண்டு வாய் காபி மட்டும் ஊற்றினார். "டேங்க்ல பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து வரணும். வராட்டி உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோலை இழுத்துப் பிடிச்சுக்கும், பம்ப் திணறிரும். காத்து வர ஒரு சின்னக் குழாய் வெச்சிருக்கான். அதோட வாயை எங்க வெச்சிருக்கான் தெரியுமா? பனித்தூளை வாரி அடிக்கிற இடத்துல. அடைச்சுக்கும், உறைஞ்சிரும்."

"ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனா?"

"உள்ளே சூடு. உருகிரும். டேங்க்ல ரெண்டு சொட்டுத் தண்ணி, வண்டியில ஒரு கோளாறும் இல்ல. யார் மேல பழி?"

தவுனோ விசில் அடிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை.

"அப்போ ரிஸ்தீனா வண்டியைக் கிளப்பினது கேன் இல்ல..."

"மூடி. திறந்ததும் காத்து உள்ளே போயிருச்சு. இந்த ஊர்க்காரங்க ஜாக்கிரதையானவங்க, வண்டி நின்னா மொதல்ல மூடியைத்தான் திறப்பாங்க. திறந்த அந்த நொடியே கோளாறு காணாமப் போயிரும். திருடன் வீட்டுக்குள்ள இருக்கான்னு கதவைத் திறந்துவிட்டுட்டே தேடியிருக்காங்க."

"அதனாலதான் சீலா?"

"அவர் காதால அந்தச் சத்தத்தைக் கேக்கணும். உஸ்ஸுனு ஒரே ஒரு சத்தம். அதுதான் நம்ம சாட்சி. ஒரு தடவைதான் வரும்."

ஐந்து நிமிடம் போனது. பத்து போனது. தவுனோவின் புருவம் வெள்ளையாகிவிட்டது. கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்து, ஐந்தும் ஐந்தும் பத்து இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டான். பியெராவும் இப்படித்தான் எண்ணியிருப்பான் என்ற நினைப்பு வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டான்.

பதினைந்தாவது நிமிடத்தில் அவன் கை தானாகவே மூடியின் பக்கம் போனது. ஒரே ஒரு திருகு. திருகினால் வண்டி கிளம்பும், வீடு, அடுப்பு, சூடான சூப்பு.

"தவுனோ."

"சும்மா தடவிக் குடுத்தேன் பாஸ். பாவம், குளிருது அதுக்கு."

"கையை எடு."

எடுத்தான். ஏரி மறுபடியும் உறுமியது. இந்தத் தடவை அவன் துள்ளவில்லை, துள்ளத் தெம்பில்லை. போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இந்த இடத்துக்கு என்றைக்குமே வந்ததில்லை. பேட்டரியும் குளிரில் பிராணனை விட்டிருந்தது.

இருபது நிமிடம். வந்த தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் இர்மெலி. அந்த முகத்தில் பயத்தை அவன் இதுவரை பார்த்ததில்லை, அதனால் அது என்னவென்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"தவுனோ, லின்ட்ரூஸ் தன் டேங்கை எவ்வளவு ரொப்பினாரு?"

"வாய் வரைக்கும். ஏன்?"

"நம்ம வண்டி மாதிரி பாதி டேங்க்னா உள்ளே நிறையக் காத்து இருக்கும், தாக்குப்பிடிக்கும். வாய்வரைக்கும் ரொப்பினா காத்துக்கு இடமே இல்ல. சீக்கிரமே பிடிச்சுக்கும். பியெராவுக்கும் அதுதான் நடந்தது."

"ஆனா அது கடை வண்டி பாஸ். புதுசு."

"பியெராவோடதும் புதுசுதான்டா!" இர்மெலி கையுறையால் சீட்டில் குத்தினார். "ரிஸ்தீனாவோட இந்த ஒரு வண்டிதான் கோளாறுன்னு நெனச்சேன். மாடலே கோளாறுன்னா? அந்த ஆளையும் நானே இந்த ஏரிக்குள்ள இழுத்து விட்டிருக்கேன். தப்புக் கணக்குப் போட்டுட்டேன்."

"நின்னா என்ன, மூடியைத் திறப்பாரு இல்ல?"

"அவர் ஹெல்சிங்கிக்காரரு. மீட்டர் ஃபுல்னு காட்டுது. அவரே கையால ரொப்பினது. எதுக்குத் திறப்பாரு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தடத்தில் எந்த வெளிச்சமும் இல்லை, எந்தச் சத்தமும் இல்லை. சூரியனின் கீழ் விளிம்பு தீவுக்குள் போய்விட்டது. நடந்து போய்த் தேடலாம் என்றால் எத்தனை கிலோமீட்டர் என்று யாருக்குத் தெரியும்?

"ப்ளையரை எடு" என்றார் இர்மெலி.

இவ்வளவு நேரம் அந்த மூடிக்காக ஏங்கிய தவுனோவுக்கு இப்போது கை வரவில்லை.

"இதை அறுத்தா ரிஸ்தீனா கதை முடிஞ்சுது பாஸ். பியெரா சுவத்தைப் பார்த்துப் படுத்தது படுத்ததுதான்."

"தெரியும்."

"நாளைக்கு அந்தாளு ஊருக்குப் போயிருவாரு."

"தெரியும்டா! உயிரோட போகட்டும்னுதானே சொல்றேன்? எடு!"

எடுத்தான். அறுத்தான். ஈயச் சீல் பனியில் விழுந்தது. மூடியைத் திருகியதும் டேங்க் நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது. உஸ்ஸ்ஸ். மூன்று மாதமாக யாரும் கவனிக்காத சத்தம். கேட்க வேண்டிய ஆள் கேட்கவில்லை, இவர்கள் இருவர்தான் கேட்டார்கள்.

வண்டி முதல் தடவையிலேயே கிளம்பியது.

*

மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டே வந்த வழியில் திரும்பினார்கள். பதின்மூன்றாவது நிமிடத்தில் லின்ட்ரூஸின் வண்டி தெரிந்தது. தடத்தின் நடுவே ஒழுங்காக நிறுத்தியிருந்தது. சாவி அதிலேயே இருந்தது. மீட்டரில் முள் 'ஃபுல்' என்ற இடத்தில் ஜம்மென்று நின்றது.

ஆள் இல்லை.

"அய்யோ" என்றான் தவுனோ. ஜோக் எதுவும் வரவில்லை.

காலடித் தடம் ஒன்று வண்டியிலிருந்து கிளம்பி, தெரிந்த பாதையை விட்டு, ஒரு தீவின் பக்கம் போனது. மரம் தெரிந்தால் கரை என்று நினைத்திருப்பார். இந்த ஏரியில் மூவாயிரம் தீவுகள், பெரும்பாலானவற்றில் வீடே கிடையாது. தடம் முதலில் நேராகப் போனது, பிறகு கோணலாக, பிறகு ஒரு காலை இழுத்துக்கொண்டு. நடுவில் ஒரு கையுறை கிடந்தது.

தவுனோ அதைக் குனிந்து எடுத்தான். உள்ளே சூடு துளிகூட இல்லை.

தீவின் ஓரத்தில், ஒரு மரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் செத்த போன். வலது கை விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அவர்களைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

"வண்டி நல்ல வண்டி" என்று முணுமுணுத்தார். "பெட்ரோலும் நல்ல பெட்ரோல். எல்லாம் சரியா இருக்கு. எல்லாம் சரியா இருக்கு."

"ரொம்ப சரியா இருக்கு, எழுந்திரிங்க சார்" என்று தவுனோ அவரை அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினான். தன் கோட்டின் பொத்தானைத் திறந்து அந்தக் கையைத் தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டான். பனிக்கட்டி வைத்த மாதிரி இருந்தது, கத்தினான், ஆனாலும் எடுக்கவில்லை. இர்மெலி மிச்சமிருந்த காபியை அவர் வாயில் ஊற்றினார். நாலாவது வாய்க்குப் பிறகு மனிதருக்கு நடுக்கம் வந்தது. அவர் நடுங்குவதைப் பார்த்ததும் இர்மெலி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கடை வண்டியின் பக்கத்தில் இர்மெலி பிரேக் போட்டார்.

"பாஸ், மொதல்ல இவரை அடுப்புக்கிட்ட கொண்டுபோவோம்!"

"பத்து செகண்ட். லின்ட்ரூஸ் சார், உங்க கையாலயே அந்த மூடியைத் திறங்க."

"டேங்க் ஃபுல்லா இருக்கு" என்றார் அவர் குழந்தை மாதிரி.

"தெரியும். திறங்க."

இடது கையால் திருகினார். டேங்க் உஸ்ஸ்ஸென்று இழுத்த இழுப்பில் அவர் கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். தவுனோ சாவியைத் திருப்பினான். செத்துக் கிடந்த வண்டி ஒரே உதறலில் உயிர் பெற்றது.

லின்ட்ரூஸ் அந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரிஸ்தீனா வண்டியோட சீலை நான் அறுத்துட்டேன்" என்றார் இர்மெலி. "அந்தச் சோதனை செல்லாது. எழுதிக்கோங்க. ஆனா இது உங்க கேன், உங்க பெட்ரோல், நீங்களே மூடின மூடி. இதை என்னன்னு எழுதுவீங்க?"

"சீலை எதுக்கு அறுத்தீங்க?"

"உங்களைத் தேடத்தான், வேற எதுக்கு? போட்டோ எடுக்கவா?" என்றான் தவுனோ.

*

ரிஸ்தீனாவின் சமையலறையில் அடுப்பு கனன்றது. செவிலி வந்து லின்ட்ரூஸின் கையில் கட்டுப் போட்டுவிட்டுப் போனாள். விரல்கள் தப்பிவிடும் என்றாள். லின்ட்ரூஸ் முதல் வேலையாகக் கம்பெனிக்குப் போன் போட்டு, இந்த மாடல் வண்டி ஒன்றுகூட இனி வெளியே போகக்கூடாது என்றார். பிறகு பழைய தாளைக் கிழித்தார். புதுத் தாளில் இடது கையால், கோணல் எழுத்தில் எழுதினார். 'காற்றுக் குழாய் அமைப்பில் தயாரிப்புக் கோளாறு. வைத்திருப்பவர் மீது தவறு இல்லை. வாரண்டி முழுமையாகச் செல்லும்.'

ரிஸ்தீனா அதை இரண்டு தடவை படித்தாள். சிரிப்பாள் என்று தவுனோ காத்திருந்தான். அவள் சிரிக்கவில்லை.

"காத்துக் குழாயா? அப்போ..." அவள் நிமிர்ந்தாள். "மூடியைத் திறந்திருந்தா போதுமா? பதினோரு மணி நேரம் அது மேலேயே சாஞ்சு உட்கார்ந்திருந்தேன்னு சொன்னாரே. அது மேலேயேதானே!"

தவுனோ அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினான்.

"இதை எப்படி அவர்கிட்டக் காட்டுவேன்?" என்றாள் ரிஸ்தீனா. "கவனக்குறைவு போச்சு, சரி. ஒரு திருகு திருகியிருந்தா வீட்டுக்கு வந்திருப்பாருன்னு இது சொல்லுதே. அது அவரைக் கொன்னுடும்."

லின்ட்ரூஸ் கையை நீட்டினார். "தாளைக் குடுங்க."

அவள் தயங்கிக் கொடுத்தாள். பரிசோதகர் குறிப்பு என்ற கட்டத்துக்குக் கீழே அவர் இன்னும் கொஞ்சம் எழுதினார். கட்டுப் போட்ட வலது கையால் தாளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். எழுதியதைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

ரிஸ்தீனா சத்தமாகப் படித்தாள்.

"இந்த மாடலை நான் நான்கு வருடமாகச் சோதித்து வருகிறேன். இன்று இனாரி ஏரியில் என் வண்டி நின்றபோது, டேங்க் நிறைந்திருந்ததால், நானும் மூடியைத் திறக்கவில்லை."

அவள் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பக் கோட்டை எடுத்தாள்.